முட்டுக் கொடுத்தவர்

அவருக்கு முட்டு என்று பெயர் வைத்தது என் வீட்டுக்காரர்தான். கோபிச்செட்டிபாளையம் பக்கம் வாழைக்காரக் குடும்பம் எங்களுடையது. குலை தள்ளிய மரம் காற்றுக்குச் சாயாமல் இருக்க ஒரு கம்பை அண்டக் கொடுப்பார்களே, அதுதான் எங்களுக்குத் தெரிந்த முட்டு. நியூஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட்டில் எங்களுக்கு நேர் கீழ்வீட்டில் இருந்த அந்த மனிதர், தான் பிரான்சில் ஆறு சீசன் சம்பளத்துக்கு ரக்பி ஆடியதாகவும், ஆடிய இடத்துக்கு இங்கிலீஷில் ‘ப்ராப்’ என்று பெயர் என்றும் சொன்னார். என் வீட்டுக்காரர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “ப்ராப்புன்னா முட்டுங்க” என்றார். அன்றிலிருந்து காம்ப்ளெக்ஸ் முழுக்க அவர் முட்டு அண்ணன் ஆகிவிட்டார். அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அந்த இடத்தைத் தூண் என்பார்களாம். தூண் நின்ற இடத்தில் நிற்கும், அந்த இடத்தில் ஆடுகிறவர் நகர்ந்துகொண்டே தாங்க வேண்டும், அதனால் முட்டுதான் சரி என்று சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

சிரித்ததை இப்போது நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

கழுத்து என்று ஒன்று அவருக்கு இருந்ததாகவே தெரியாது. தலை நேராகத் தோளில் இறங்கி உட்கார்ந்திருக்கும். காது இரண்டும் மடங்கித் தடித்து, பிசைந்து வைத்த பூரி மாவு மாதிரி இருக்கும். 2003இல் நான் டிபென்டென்ட் விசாவில் வந்து இறங்கிய வாரம், லாண்டரி ரூமில் அவரைப் பார்த்துவிட்டுத் துணியை மெஷினிலேயே போட்டுவிட்டு மேலே ஓடி வந்தேன். பக்கத்து பிளாக் ஆன்ட்டி அதற்கு ஒரு கதை வைத்திருந்தார். சிலோன்காரர், ஏதோ கேம்ப்பில் அடிவாங்கிய காது அது, நமக்கெதற்கு வம்பு என்றார். நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்து இரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். நம் நிறத்தில் ஒரு ஆள் கொஞ்சம் பெரியதாக இருந்தாலே வெள்ளைக்காரர்கள் பயந்தார்கள் என்று குறைபட்டுக்கொள்வோம். நாங்களும் அப்படித்தான் பயந்தோம்.

அந்தக் காது கேம்ப்பில் போனது இல்லை, ஆட்டத்தில் போனது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கண்டியில் படித்தவர் அவர். ரக்பி என்று சொல்லவே மாட்டார், ரகர் என்பார். கண்டியில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்களாம். பிரச்சினை முற்றியபோது மாமா ஒருவரைப் பிடித்து பிரான்சுக்குப் போயிருக்கிறார். தெற்கே ஒரு சின்ன ஊர். பாத்திரம் கழுவப் போன ஹோட்டலின் முதலாளி, இவர் தோளைப் பார்த்துவிட்டு ஊர் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனாராம். அங்கே சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் ஐந்தாறு பேர், மீதிப் பேர் உள்ளூர்க்காரர்கள். இதையெல்லாம் அவர் வரிசையாகச் சொன்னதில்லை. எதையாவது தூக்கி வைத்துவிட்டு, டீ குடிக்கும் நேரத்தில் ஒரு துண்டு, இன்னொரு நாள் இன்னொரு துண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஹாலில் என் வீட்டுக்காரரையும் அவரோடு வேலை பார்த்த இரண்டு பேச்சிலர்களையும் நிறுத்தி, ஸ்கிரம் என்றால் என்ன என்று காட்டினார். எட்டுப் பேர் ஒரு பக்கம், எட்டுப் பேர் மறுபக்கம். குனிந்து தலையோடு தலை கோத்துக்கொண்டு தள்ள வேண்டும். முன்வரிசையில் மூன்று பேர். நடுவில் இருப்பவர் இரண்டு கையையும் பக்கத்தில் இருப்பவர்கள் தோளில் போட்டுத் தொங்குவார். விழுந்தால் ஊன்றிக்கொள்ள அவருக்குக் கை கிடையாது. அவரை இரண்டு பக்கமும் தாங்குகிறவர்கள்தான் முட்டு. நம்மவர் வலப்பக்கம். எதிரணிக்காரர்கள் இரண்டு பேரின் தலைக்கு நடுவில் தன் தலையைச் சொருகிக்கொள்ள வேண்டிய இடம்.

“தள்ள முடியலைன்னா பின்னால போகலாம், அதுல வெக்கமில்ல” என்றார். “ஆனா விழுந்துறக் கூடாது. நான் விழுந்தா நடுவுல இருக்கவரு தலைதான் மொதல்ல தரையில குத்தும். கழுத்து போயிரும்.”

அப்போ உங்க கழுத்து என்று ஒரு பேச்சிலர் கேட்டான்.

“அதுக்குத்தானே சம்பளம்.”

எதைத் தூக்குவதற்கு முன்னாலும் “பிடிச்சாச்சா?” என்று கேட்பார். எல்லோரும் ஆச்சு என்று வாயால் சொன்னால்தான் தூக்குவார். தலையாட்டினால் போதாது. சோபாவாக இருந்தாலும் சரி, சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு மேடைப் பலகையாக இருந்தாலும் சரி. எங்கள் காம்ப்ளெக்ஸில் மாசக் கடைசி என்றால் யாராவது ஒருவர் வீடு மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஆறு மாதம் ஒரு ப்ராஜெக்ட், முடிந்தால் டெக்சாஸ், அது முடிந்தால் கலிபோர்னியா. யூ-ஹால் வண்டி வந்து நிற்கும்போதே, முட்டு அண்ணனுக்குச் சொல்லியாச்சா என்று கேட்பார்கள். வாரம் ஐந்து நாள் டர்ன்பைக் நெடுஞ்சாலை ஓரத்து வேர்ஹவுஸில் பெட்டி தூக்குகிற மனிதர், சனிக்கிழமை நமக்கும் தூக்குவார். பதிலுக்கு அலுமினியம் டிரேயில் தக்காளி சாதம் கொடுத்துவிடுவோம். அதில் நமக்கு மனசு நிறைந்துவிடும். ஆள் வைத்துத் தூக்கலாமே என்று ஒருவரும் நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை.

அவரால் தலையைத் திருப்ப முடியாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முழு உடம்பும் திரும்பும். கார் ரிவர்ஸ் எடுக்கும்போது அவர் மனைவி இறங்கிப் பின்னால் நின்று கை காட்டுவார். இதைப் பார்த்து நாங்கள் கேலிகூடச் செய்திருக்கிறோம், அண்ணன் ராஜா மாதிரித்தான் திரும்புவார் என்று. கேட்டால், ஒண்ணுமில்ல, பழைய பிடிப்பு என்பார். அது என்ன பிடிப்பு என்று அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிரான்சில் கடைசி சீசன். நடுவில் தொங்கியவர் அந்த ஊர் ரொட்டிக்கடைக்காரர், மூன்று பிள்ளைகளுக்கு அப்பா. ஸ்கிரம் சரியப் போயிருக்கிறது. தன் பக்கத்தை விழ விட்டிருந்தால் நம்மவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. விடவில்லை. கழுத்தில் ஏதோ சுள்ளென்று போனது தெரிந்தும், விசில் ஊதும்வரை பிடித்து நிறுத்திவிட்டார். கிளப் டாக்டர் ஊசி போட்டு அடுத்த நான்கு வாரமும் ஆட வைத்தாராம். சீசன் முடிந்ததும் கழுத்து சரியில்லை என்று கான்ட்ராக்ட் போடவில்லை. ஊரை விட்டுக் கிளம்பிய அன்று ரொட்டிக்கடைக்காரர் வந்தாரா என்று ஒரு தடவை அவரிடமே கேட்டேன். “அவருக்கு அன்னைக்குக் கடை” என்றார். துளிகூடக் கோபம் இல்லை. கோபப்படத் தெரியாதவர்களைப் பார்த்தால் எனக்கு அப்போது மரியாதை வரும். இப்போது பயமாக இருக்கிறது. நம்மை மாதிரி ஆட்கள் அவர்களை என்ன செய்வோம் என்று இப்போது தெரியும்.

எங்கள் டிவிக்கு வருகிறேன். 2004 கோடையில், குபெர்டினோவுக்கு மாற்றலாகிப் போன ஒரு குடும்பம் அவர்களுடைய ஐம்பது இன்ச் டிவியை எங்களிடம் தள்ளிவிட்டுப் போனது. சுவரில் மாட்டுகிற மாதிரி இல்லை, பின்பக்கம் புடைத்து பீரோ சைஸில் இருக்கும் பழைய மாடல். மாடிக்கு ஏற்ற வேண்டும். மேல்பக்கம் என் வீட்டுக்காரர், கீழ்ப்பக்கம் அவர். நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு மேலே நின்றேன். படி திரும்புகிற இடத்தில் என் வீட்டுக்காரரின் ரப்பர் செருப்பு வழுக்கியது. இவர் கையை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். டிவி முழுசாகக் கீழே சரிந்தது. அவர் ஒதுங்கியிருந்தால் அது உருண்டு உடைந்திருக்கும், அவ்வளவுதான். ஒதுங்கவில்லை. குனிந்து, கழுத்தையும் தோளையும் அதற்கு அடியில் கொடுத்து நின்றார். பக்கத்து பிளாக்கிலிருந்து ஆட்கள் வரும்வரை அப்படியே நின்றார். நான் மேலே நின்றுகொண்டு, ஸ்கிரீன், ஸ்கிரீன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“ஒண்ணுமில்ல தங்கச்சி, டீ இருக்கா?” என்றார். டீயை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

அந்த நவம்பரில் வேர்ஹவுஸில் விபத்து நடந்தது. உயரமாக அடுக்கிய பெட்டிகள் சாய்ந்திருக்கின்றன. அடியில் உட்கார்ந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவர் ஸ்பானிஷ் பேசும் ஓர் அம்மாள். நம்மவர் ஓடிப்போய்த் தோளைக் கொடுத்திருக்கிறார். அந்த அம்மாள் தவழ்ந்து வெளியே வந்துவிட்டார். இவருக்கு வலது கை மரத்துப்போனது. கழுத்தில் ஆபரேஷன் செய்ய வேண்டும், நாலைந்து மாதத்துக்குள் செய்யாவிட்டால் நரம்பு செத்துவிடும், கை திரும்பி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையில் பட்ட அடி என்பதால் கம்பெனியின் இன்ஷூரன்ஸ் ஒப்புக்கொண்டால்தான் ஆபரேஷன். அவர் மனைவியின் இன்ஷூரன்ஸ், வேலையில் பட்டதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கைவிரித்துவிட்டது. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது கேட்டவர்களிடம் எல்லாம் அவர், ஒண்ணுமில்ல, கொஞ்சம் ரெஸ்ட்டு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜனவரியில் ஒரு காலை. என் வீட்டுக்காரர் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் பிடிக்கப் போயிருந்தார். போன் வந்தது. தேன் மாதிரிக் குரலில் ஒரு வெள்ளைக்காரப் பெண். முட்டு அண்ணன் பெயரைச் சொல்லி, எவ்வளவு நாளாகத் தெரியும், எப்படிப்பட்டவர் என்று கேட்டாள். எங்கிருந்து பேசுகிறேன் என்று ஏதோ சொன்னாள், எனக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது ஒன்றுதான். இந்தப் பெரிய உடம்பு, அந்தக் காது, சிலோன் தமிழர், யாரோ ஏதோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள், போலீஸ் விசாரிக்கிறது. நம் ஊரில் பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்து வீட்டில் வந்து விசாரித்தால் என்ன செய்வோம்? தங்கமான மனுஷன் என்போம். பெண் வீட்டார் வந்து விசாரித்தாலும் அதேதான். அதையே செய்தேன். என்னிடம் இருந்த இங்கிலீஷ் முழுவதையும் செலவழித்து அவருக்கு முட்டுக் கொடுத்தேன்.

“ஹி இஸ் லிஃப்டிங் எவ்ரிதிங் ஃபார் எவ்ரிபடி” என்றேன். எங்கள் டிவியை ஒற்றை ஆளாகத் தாங்கியதைச் சொன்னேன். மேடைப் பலகையைச் சொன்னேன். யார் வீடு மாற்றினாலும் முதல் ஆள் அவர்தான், வலி என்று ஒருநாள் சொன்னதில்லை, யானை மாதிரி பலம் என்றேன். இப்போதும் உதவுகிறாரா என்று அவள் மெதுவாகக் கேட்டாள். எஸ் எஸ், எனி டைம் என்றேன். ரொம்ப உதவியாக இருந்தது என்று நன்றி சொன்னாள். போனை வைத்துவிட்டு, ஒரு மனிதரைக் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நம் ஊர் இங்கிலீஷில் தூக்கினார், தூக்குவார், தூக்கிக்கொண்டிருக்கிறார் எல்லாம் ஒன்றுதான். அவர்கள் இங்கிலீஷில் அப்படி இல்லை. நவம்பரில் கழுத்தொடிந்த ஆள் ஜனவரியிலும் ஊருக்கெல்லாம் சாமான் தூக்கிக்கொண்டிருக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரி சாட்சி சொல்லியிருக்கிறாள். போனில் பேசியவள் போலீஸ் இல்லை, கம்பெனி இன்ஷூரன்ஸின் ஆள். நான் பேசியது ரெக்கார்டாகி, டைப்பாகி, ஆபரேஷனுக்காக அவர் வைத்திருந்த வக்கீலின் மேசைக்கு வந்து சேர்ந்தது. ஆபரேஷனுக்கு அனுமதி இல்லை என்று இன்ஷூரன்ஸ்காரன் எழுதிவிட்டான்.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவர் மனைவி மேலே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சின்ன வயதிலேயே பெற்றோருடன் இங்கே வந்து சிட்டிசன் ஆனவர், முதியோர் இல்லத்தில் நர்ஸ். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“நீங்கள் எல்லாரும் இவரை என்னெண்டு நினைச்சியள்?” என்றார். குரல் உயரவே இல்லை. “உங்கட டிவியைத் தூக்கின அண்டு பின்னேரம் சேர்ட்டைக் கழட்ட ஏலாமல் கத்தரிக்கோலால வெட்டி எடுத்தனான். உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவர்.” பிறகு வேறொரு ஃபாரத்தை நீட்டினார். “இப்ப பெரிசா ஒண்டும் கேக்கேல்லை. நீங்கள் சொன்னது எல்லாம் அடிபட முந்தி நடந்தது, அதுக்குப் பிறகு இவர் ஒண்டும் தூக்கேல்லை எண்டு எழுதி நோட்டரியிட்டக் கையெழுத்து வைச்சால் காணும். வக்கீலுக்கு வேற வழி இல்லை.”

கட்டாயம் செய்கிறேன் அக்கா என்றேன். அழுதேன்கூட. அழுகை எனக்குச் சீக்கிரம் வரும்.

சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் ஃபாரத்தைக் கையில்கூட வாங்கவில்லை. “கிரீன் கார்டுக்கு நம்ம லேபர் பேப்பர் இப்பத்தான் க்ளியர் ஆயிருக்குது. மொதல்ல ஒண்ணு சொன்ன, இப்ப வேற ஒண்ணு சொல்றேன்னு கோர்ட்டுல உம்பேரு வந்துதுன்னா என்னாகும்? அவங்க சிட்டிசன், ஒண்ணும் ஆகாது. நம்மள ஒரு லெட்டர்ல ஊருக்கு அனுப்பிருவாங்க” என்றார். நானும் ஏதோ சொல்லிப் பார்த்தேன். கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகு எத்தனை கையெழுத்து வேணும்னாலும் போடு என்றார்.

எல்லாப் பழியையும் அவர் தலையில் போட்டுவிட்டால் எனக்குச் சௌகரியம்தான். ஆனால் நோட்டரி பேங்கில் இருந்தார். பேங்க் நடந்து போகிற தூரம், பத்து நிமிஷம். பகலெல்லாம் நான் தனியாகத்தான் இருந்தேன். கையெழுத்து என் கையெழுத்து. ஃபாரம் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் பதினோரு நாள் தொங்கியது. பால் எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்த்தேன். லாண்டரி ரூமுக்குக் கீழே போகாமல் பாத்டப்பிலேயே துணி துவைத்தேன்.

என்ன ஆனது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கேஸ் இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் எப்படியோ ஆபரேஷன் நடந்தபோது வருஷம் ஒன்றாகிவிட்டது. கழுத்து வலி குறைந்தது, கை வரவில்லை. ஒருநாள் இந்தியன் ஸ்டோரில் அவரைத் தூரத்திலிருந்து பார்த்தேன். இடது கையால் வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை பாதியாகச் சூம்பியிருந்தது. நான் அடுத்த வரிசைக்குப் போய்விட்டேன். எங்களுக்கு 2008இல் கிரீன் கார்டு வந்தது, டெக்சாஸில் இர்விங்குக்கு வந்துவிட்டோம். முட்டு அண்ணன் எப்படி இருக்கார் என்று பழைய ஆட்கள் யாராவது கேட்டால், டச் விட்டுப்போச்சு என்று சொல்கிறோம். கிரீன் கார்டு வந்த பிறகு போடலாம் என்ற அந்தக் கையெழுத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை.

ஒன்று மீதி இருக்கிறது. அதைச் சொல்லாமலேயே முடித்துவிடலாமா என்று பார்த்தேன்.

ஃபாரம் வந்த பன்னிரண்டாம் நாள் காலை, பதினொரு மணி இருக்கும், பெல் அடித்தது. முட்டு அண்ணன் நின்றுகொண்டிருந்தார். வலது கை ஜாக்கெட் பாக்கெட்டுக்குள் இருந்தது. உள்ளே வாங்கண்ணா என்றேன். வரவில்லை.

“தங்கச்சி, அந்த ஃபாரம் இருந்தாக் குடுங்க. நீங்க கையெழுத்துப் போட வேணாம்.”

“இல்லீங்கண்ணா, நாளைக்கு பேங்குக்குப் போலாம்னுதான் எடுத்து வச்சிருக்கறேன்.”

“வேணாம். ஒங்களுக்குப் பேப்பர் ஓடிக்கிட்டிருக்கு. சின்னப் பொண்ணு நீங்க, கோர்ட்டுக்கெல்லாம் எதுக்கு. நான் வக்கீல்கிட்ட வேற மாதிரி சொல்லிக்கிறேன்.” முழு உடம்பையும் திருப்பிப் படியைப் பார்த்தார். “இத மனசுல வச்சுக்காதீங்க. ஒண்ணுமில்ல.”

வக்கீலுக்கு வேறு வழி இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இல்லைங்கண்ணா, இப்பவே வாங்க, நடந்தே போய்விடலாம் என்று சொல்லியிருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். நான் சரிங்கண்ணா என்றேன். உள்ளே போய் ஃபாரத்தை எடுத்து வந்தேன். ஒற்றைக் கையால் மடிக்க அவருக்குச் சிரமமாக இருக்கும் என்று நானே அதை நாலாக மடித்து அவருடைய இடது கையில் கொடுத்தேன்.

அவர் இறங்கிப் போனார். பதினோரு நாளும் நான் எதற்காகக் காத்திருந்தேன் என்று அப்போது எனக்கே தெரிந்துபோனது. அவர் வந்து வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் காத்திருந்தேன். சொல்வார் என்று தெரியும். கதவைச் சாத்தியதும், பத்துப் பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக எனக்கு நன்றாகப் பசித்தது. சாதம் வைத்து, ரசம் வைத்து, அப்பளம் பொரித்து வயிறாரச் சாப்பிட்டேன்.